ராஜ்நாந்த்காவ் 945 கோடி: ஒரு சோலார்-பேட்டரி மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தபோது

எங்கள் எஸ்டிமேட் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுப்பேன். அதில் நான்கு எண்கள் இருக்கும்: 945 கோடி ரூபாய், 100 மெகாவாட், 155.02 மெகாவாட், 120 மெகாவாட் மணி. "இந்தத் திட்டத்தின் ரேட் என்னப்பா?" என்று கேட்பேன். ஒருவர் மெகாவாட்டுக்கு 9.45 கோடி என்பார். இன்னொருவர் 6.1 கோடி என்பார். பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவராக இருந்தால் மெகாவாட் மணிக்கு 7.87 கோடி என்று வகுத்துவிட்டு, 'இதென்ன இப்படி வருது' என்று தானே முழிப்பார். மூவரும் வகுத்ததில் தப்பில்லை. ஆனால் இந்த மூன்றில் எதை எடுத்துக்கொண்டு போய் அடுத்த டெண்டரில் போட்டாலும் கையைச் சுட்டுக்கொள்வோம்.

அந்தக் காகிதத்தில் இருப்பது சத்தீஸ்கர் மாநிலத்தின் ராஜ்நாந்த்காவ் ஆலை. இந்திய சூரிய ஆற்றல் கழகம், அதாவது நாங்கள் செகி என்று சொல்வது, தானே சொந்தமாக வைத்திருக்கும் ஆலை. கட்டும் வேலை 2021 டிசம்பரில் டாடா பவர் சோலாருக்குப் போனது. வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒப்பந்த மதிப்பு ஏறக்குறைய 945 கோடி, கெடு 18 மாதம். உலக வங்கிக் கடனும் இதில் உண்டு. 2024 பிப்ரவரி 24 அன்று பிரதமர் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, வெயிலில் சேமித்து மாலையில் கொடுக்கும் ஆலைகளில் இந்தியாவிலேயே பெரியதாக இதுதான் இருந்தது.

சரி, ரேட்டுக்கு வருவோம்.

இந்த ஆலை கிரிட்டுக்கு, அதாவது மின்கட்டமைப்புக்கு, அனுப்பக்கூடியது 100 மெகாவாட். வெயிலைப் பார்த்துக் கிடக்கும் பேனல்களின் மொத்தத் திறனோ 155.02 மெகாவாட். முதலாவது ஏசி (மாறுமின்) கணக்கு, இரண்டாவது டிசி (நேர்மின்) கணக்கு. பேட்டரி இல்லாத ஆலையிலும் டிசி கொஞ்சம் கூடத்தான் இருக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் கூடுதல் பேனல்கள்தான் உற்பத்தியைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்றரை என்பது பெரிய விகிதம். இங்கே நண்பகலில் மிஞ்சுவதை வாங்கி வைத்துக்கொள்ளப் பக்கத்திலேயே பேட்டரி நிற்கிறது, அதனால் அது கட்டுப்படியாகிறது. பேட்டரியின் டெண்டர் அளவு 40 மெகாவாட், 120 மெகாவாட் மணி. மூன்று மணி நேரத்துக்கு 40 மெகாவாட் கொடுக்க வேண்டும். உண்மையில் அங்கே இறக்கி வைத்திருக்கும் பேட்டரி 152.325 மெகாவாட் மணி. டெண்டரில் எழுதியதைவிட 27 சதவீதம் அதிகம்.

ஆக, பெயர்ப் பலகையில் இருப்பது 100, 120. பில் போட வேண்டியது 155, 152. இந்த இரண்டு ஜோடிக்கும் நடுவில்தான் பாதி எஸ்டிமேட்டுகள் தடுக்கி விழுகின்றன. நம் ஊர் கமுதி ஆலையை வைத்துச் சிலர் ஒப்பிடுவார்கள். 2016இல் 648 மெகாவாட், 4,550 கோடி, மெகாவாட்டுக்கு 7.02 கோடி. 'பேட்டரியே இல்லாமல் அன்றைக்கு 7 கோடி, பேட்டரியோடு இன்றைக்கு 9.45, அப்படியென்றால் பேட்டரிக்கு இரண்டரை' என்று கழித்துக் காட்டுவார்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கும். 2016க்கும் 2021க்கும் நடுவில் பேனல் விலை எங்கிருந்து எங்கே போனது என்பதும், டிசி விகிதமும் அதில் காணாமல் போயிருக்கும்.

945ஐ உடைத்தால்

டெண்டர் விலை பொட்டலமாகத்தான் வரும். உடைத்துப் பார்ப்பது நம் வேலை. இனி வருவது என் உடைப்பு, ஒப்பந்தத்தின் உள்விவரம் கிடையாது.

2021 கடைசியில் இறக்குமதிப் பேனல் வாட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 155 மெகாவாட்டுக்கு 310 கோடி. பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர், அதற்காகத் தரையில் இறக்கும் தூணான பைல், டிசி-ஏசி கேபிள், இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், சிவில், ஆள் கூலி எல்லாம் வாட்டுக்கு 14 ரூபாய் என்றால் 217 கோடி. இரண்டும் சேர்த்து 527. மிச்சம் 418 கோடி பேட்டரிக்கு. நிறுவிய 152.3ஆல் வகுத்தால் மெகாவாட் மணிக்கு 2.74 கோடி.

இப்போது ஒரே ஒரு கட்டத்தை மாற்றுவோம். 2022 ஏப்ரல் 1 முதல் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீத அடிப்படைச் சுங்க வரி வந்தது. இது 2021 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. டிசம்பரில் ஆர்டர் வாங்கியவர் பேனலைக் கப்பலில் ஏற்றும்போது வரி அமலுக்கு வந்திருக்கும். 310 கோடி 434 ஆகிறது. பேட்டரிக்கு மிச்சம் 294. மெகாவாட் மணிக்கு 1.93 கோடி.

பேனல் வரிசையில் ஒரு வரியைச் சேர்த்ததற்கு, பேட்டரி ரேட் 2.74லிருந்து 1.93க்கு இறங்கிவிட்டது. பேட்டரியை யாரும் தொடவே இல்லை! பழைய டெண்டர் விலையிலிருந்து பேட்டரி ரேட் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், பேனலுக்கு வரி போட்டாயா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

எனக்கு இரண்டாவது உடைப்பில்தான் நம்பிக்கை. அதற்கு வெளியிலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை பேட்டரிச் சேமிப்புக்கு நிதியுதவித் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டது. 4,000 மெகாவாட் மணிக்கு மொத்தச் செலவு 9,400 கோடி, அதில் 40 சதவீதமான 3,760 கோடியை அரசு கொடுக்கும் என்பது கணக்கு. 9,400ஐ 4,000ஆல் வகுத்தால் 2.35 கோடி. நம்முடைய 294 கோடியை டெண்டரில் எழுதிய 120ஆல் வகுத்தால் 2.45. கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

எதற்கு 27 சதவீதம் கூடுதல்?

பேட்டரியை முழுக்க நிரப்பி, முழுக்க வற்ற விடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அதன் கொள்ளளவு தேயும். செல்லிலிருந்து சப்ஸ்டேஷன் மீட்டர் வரை வரும் வழியில் இன்வெர்ட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் கொஞ்சம் தின்னும். மீட்டரில் 120 காட்ட வேண்டுமென்றால் உள்ளே அதைவிட அதிகம் இருந்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி இறக்குவது ஒன்று. தேவையான அளவுக்கு மட்டும் இறக்கிவிட்டு, தேயத் தேய ஐந்தாம் வருடம், எட்டாம் வருடம் என்று புதுப் பேட்டரி கன்டெய்னர் சேர்ப்பது இன்னொன்று. கூடுதலாக இருக்கும் 32 மெகாவாட் மணிக்கு 1.93 ரேட்டில் 62 கோடி ஆகிறது. இதில் பாதியைத் தள்ளிப்போட முடிந்து, அதைப் பின்னால் 90 லட்சம் ரேட்டில் வாங்கியிருந்தால் (இந்த 90 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று கீழே சொல்கிறேன்) 16 கோடி மிச்சம். விலை இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையில் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்குவது, அடுத்த பொங்கலுக்கும் சேர்த்து இந்தப் பொங்கலுக்கே துணி எடுப்பது மாதிரி என்பது என் கருத்து. ஆனால் தள்ளிப்போடுவது ஓசியில் வராது. புதுக் கன்டெய்னருக்கு அடித்தளமும் கேபிள் டிரெஞ்சும் முதலிலேயே போட்டு வைக்க வேண்டும். பழைய செல்லையும் புதுச் செல்லையும் ஒரே இன்வெர்ட்டரில் கோக்க முடியாது. வேலை முடித்துப் போன டீமைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு தொகை போட்ட பிறகும் லாபம் நின்றால்தான் அந்த வழி.

திறன் இழப்பையும் ரூபாயில் எழுத வேண்டும். டெண்டர்களில் வழக்கமாகக் கேட்பது 85 சதவீதம். 120 வெளியே வர 141 உள்ளே போக வேண்டும். 155 மெகாவாட் பேனல் ஒரு நல்ல நாளில் ஏறக்குறைய 650 மெகாவாட் மணி கொடுக்கும் என்று வைத்தால், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரிக்குப் போகிறது. தினமும் 21 மெகாவாட் மணி, அதாவது 21,000 யூனிட், சூடாகக் காற்றில் கலக்கிறது. வருடத்துக்கு 77 லட்சம் யூனிட். யூனிட் 3 ரூபாய் என்றாலும் 2.3 கோடி. மே மாத வெயிலில் கன்டெய்னரைக் குளிர வைக்கும் கரண்ட் இதற்கு மேல் தனி. இதை மூலதனச் செலவு ஷீட்டில் தேடினால் கிடைக்காது. யாராவது நினைவு வைத்து இயக்கச் செலவு ஷீட்டில் எழுதினால்தான் உண்டு.

லித்தியம் என்ற குதிரை

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 0.6 கிலோ லித்தியம் கார்பனேட் தேவை. 152 மெகாவாட் மணிக்கு 91 டன். சீனச் சந்தையில் அதன் விலை 2021 டிசம்பரில் டன்னுக்கு இரண்டரை லட்சம் யுவானைச் சுற்றி இருந்தது. 2022 நவம்பரில் ஆறு லட்சத்தை நெருங்கியது. 2024 தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கு வந்துவிட்டது.

ராஜ்நாந்த்காவ் அளவு ஆலைக்கு நிலையான விலை சொல்லிவிட்டு, செல் ஆர்டரை உச்ச மாதத்தில் போட நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 91 டன், ஒவ்வொரு டன்னுக்கும் மூன்றரை லட்சம் யுவான் கூடுதல். மூன்று கோடியே பதினெட்டு லட்சம் யுவான். அன்றைய மாற்று விலையில் 36 கோடி ரூபாய்க்கு மேல். பேட்டரிக்கு வைத்த 294 கோடியில் எட்டில் ஒரு பங்கு, ஒரே ஒரு மூலப்பொருளுக்கு. அதனால்தான் பேட்டரி சப்ளையர்கள் கோட்டேஷனின் செல்லுபடியை முப்பது நாள், சில சமயம் பதினைந்து நாள் என்று போடுகிறார்கள். நம் டெண்டர் விலையோ ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்து மாத ரிஸ்க் யார் தலையில் என்பதை எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதாவிட்டால் அது நம் தலையில்தான்.

லட்சத்தில் பேசும் ஏலங்கள்

2022 வாக்கில் பேட்டரியைத் தனியாக ஏலம் விட ஆரம்பித்தார்கள். அங்கே அலகே வேறு: மாதத்துக்கு, மெகாவாட்டுக்கு இத்தனை லட்சம் வாடகை. 2022 ஆகஸ்டில் செகி நடத்திய 500 மெகாவாட், 1,000 மெகாவாட் மணி ஏலத்தை ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 10.83 லட்சத்துக்கு எடுத்தது. 2024 மார்ச்சில் குஜராத்தில் 4.49 லட்சம். 2024 கடைசியில் ராஜஸ்தானில் 2.21 லட்சம்.

10.83ஐ யூனிட்டாக்கிப் பார்ப்போம். இரண்டு மணி நேர பேட்டரி, நாளுக்கு இரண்டு முறை நிரப்பிக் காலி செய்யலாம். ஒரு மெகாவாட்டுக்கு நாளுக்கு 4,000 யூனிட், மாதத்துக்கு 1,20,000. யூனிட்டுக்கு 9 ரூபாய். வாங்குபவர் ஒரு முறை மட்டும் பயன்படுத்தினால் அதே வாடகைக்கு 18 ரூபாய். பேட்டரி அதேதான், ஏலமும் அதேதான். இதில் மின்சாரத்தின் விலை சேராது என்பது இன்னொரு விஷயம். வெறும் கிடங்கு வாடகை இது. சந்தை இறங்கிய வேகத்தில் இந்த விலை பழசாகிப்போனது. 2025 ஜனவரியில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

ராஜஸ்தானின் 2.21ஐ 4.49க்குப் பக்கத்தில் வைத்துப் 'பாதியாகிவிட்டது' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை அரிக்கும். ராஜஸ்தான் விலையில் அரசு நிதியுதவி அடக்கம், குஜராத்தில் இல்லை. உதவி மெகாவாட் மணிக்கு 27 லட்சம், இரண்டு மணி நேர பேட்டரிக்கு 54 லட்சம். அந்த 54 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 12 வருடக் கடனாக நினைத்தால் மாதத் தவணை 65,000 ரூபாய் வருகிறது. அதைத் திரும்பச் சேர்த்தால் 2.86 லட்சம். 4.49லிருந்து 2.86 என்பதும் பெரிய இறக்கம்தான், பாதி மட்டும் இல்லை.

அந்த 27 லட்சத்தோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. 27 லட்சம் அல்லது மூலதனச் செலவில் 30 சதவீதம், எது குறைவோ அது. 27ஐ 0.3ஆல் வகுத்தால் 90 லட்சம். விதியை எழுதியவர்கள் மனத்தில் ஒரு மெகாவாட் மணியின் விலை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். மேலே சொன்ன 90 லட்சம் இதுதான். 2023இல் 2.35 கோடி, அடுத்த ஆண்டே 90 லட்சம். 4,000 மெகாவாட் மணிக்கு ஒதுக்கிய அதே 3,760 கோடி 13,200 மெகாவாட் மணிக்குப் போதும் என்று பின்னர் அரசே அளவைக் கூட்டியது. 2025இல் வந்த அடுத்த கட்ட உதவியில் மெகாவாட் மணிக்கு 18 லட்சம்தான். ஒரு வருடத்துக்கு முந்தைய பேட்டரி ரேட்டை எஸ்டிமேட்டில் வைத்திருப்பது, காலாவதியான மருந்தை அலமாரியில் வைத்திருப்பது மாதிரி.

அதே ஆலையை மறுபடி போட்டால்

155 மெகாவாட் பேனல் வாட்டுக்கு 15 ரூபாய் என்றால் 232 கோடி. ஸ்ட்ரக்சர், கேபிள், சிவில் வகையறா கூலியும் இரும்பும் ஏறியதால் வாட்டுக்கு 15 ரூபாய், அதுவும் 232. பேட்டரி 152 மெகாவாட் மணி, 90 லட்சம் ரேட்டில் 137 கோடி. மொத்தம் 600 கோடியைச் சுற்றி. உள்நாட்டு சோலார் செல் போட்ட பேனல்தான் வேண்டும் என்று டெண்டர் சொன்னால் முதல் வரி எகிறும்.

வரியும் நகர்கிறது. சோலார் இபிசி (வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம்) வேலையில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து ஜிஎஸ்டி போடுவார்கள். பொருளுக்கு 12, சேவைக்கு 18 என்றிருந்தபோது சராசரி 13.8. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5 ஆனதும் 8.9. பேனல், ஸ்ட்ரக்சர் இரண்டும் சேர்ந்த 464 கோடியில் இந்த வித்தியாசம் மட்டும் 22 கோடிக்கு மேல். பேட்டரியைத் தனியாக பில் போட்டால் அதற்கு 18 சதவீதம். ஒரே ஒப்பந்தமா, இரண்டு ஒப்பந்தமா என்பதை ஆடிட்டரிடம் கேட்காமல் விலை சொல்லக் கூடாது. வேலை ஆறு மாதம் இழுத்தால் வட்டி எவ்வளவு என்பதும் அப்படித்தான். 945 கோடியில் 70 சதவீதம் 9 சதவீத வட்டிக்கு வாங்கிய கடனாக இருந்திருந்தால், ஆறு மாதத்துக்கு 30 கோடி.

நான் போட்ட 600 கோடிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம்? ஏஏசிஇ என்ற சர்வதேச அமைப்பு மதிப்பீடுகளை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு என்பது படமே வரையாமல் போடும் கணக்கு. நிஜச் செலவு அதில் பாதியாகவும் முடியலாம், இரண்டு மடங்காகவும் முடியலாம். முதல் வகுப்பில் அது கூடினால் 15 சதவீதத்துக்குள் நிற்கும். போனில் 'உத்தேசமா ஒரு நம்பர் சொல்லுங்க சார்' என்று கேட்பவருக்குக் கிடைப்பது ஐந்தாம் வகுப்பு. அவர் அதை பேங்க் மேனேஜரிடம் முதல் வகுப்பாகச் சொல்வார்.

என் கண் நிற்பது இரண்டு 232களில். 2021 உடைப்பில் பேனல் 434, களவேலை (ஸ்ட்ரக்சர், கேபிள், சிவில் வகையறா) 217. களவேலை அதில் பாதிதான். இப்போது இரண்டும் சமம், பேட்டரி இரண்டுக்கும் கீழே. பேனலுக்கும் பேட்டரிக்கும் மூன்று கோட்டேஷன் வாங்கினால் விலை பிடிபட்டுவிடும். மண்ணுக்கு யாரும் கோட்டேஷன் கொடுப்பதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தென் மாவட்டம் ஒன்றில் நாங்கள் எடுத்த 50 மெகாவாட் வேலை. பேனலை ஓனரே வாங்கிக் கொடுத்துவிட்டார், எங்களுக்குக் களவேலை மட்டும். 70 கோடி ஒப்பந்தம், 3 சதவீத லாபம், 2.1 கோடி. கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 3,80,000 அடித்தளம் போட்டார்கள், மெகாவாட்டுக்கு 586. அதே கணக்கில் எங்களுக்கு 29,000 பைல். இருநூறு ஏக்கரில் ஆறு இடத்தில் குழி போட்டுப் பார்த்திருந்தோம், ஆறிலும் கரிசலும் செம்மண்ணும். மெஷினால் நேராக அடித்து இறக்கிவிடலாம் என்று ரேட் போட்டேன்.

மூன்றாம் வாரம் சைட்டிலிருந்து சூப்பர்வைசர் வீடியோ அனுப்பினார். பைல் ஒரு மீட்டர் இறங்கி நின்றுவிட்டது, சுத்தியல் விழுந்து விழுந்து துள்ளுகிறது, பைலின் தலை காலிஃபிளவர் மாதிரி விரிகிறது. "சார், கீழே சுக்கான் பாறை. வடக்குப் பக்கம் முழுக்க இப்படித்தான் இருக்குன்னு ஆடு மேய்க்கிற பெரியவர் சொல்றாரு. கிணறு வெட்டினவராம்." பெரியவர் சொன்னது சரியாக இருந்தது. 18,000 பைலுக்கு முதலில் துளை போட்டு, பிறகு கான்கிரீட் ஊற்ற வேண்டியதாயிற்று. ஒன்றுக்கு 1,100 ரூபாய் கூடுதல், மொத்தம் 1.98 கோடி. டிரில்லிங் வண்டிகள் கிடைக்க இரண்டு மாதம்.

அதற்கப்புறம் எங்கள் எக்செல் ஷீட்டில் பைல் ரேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம். எத்தனை குழி தோண்டிப் பார்த்த பிறகு போட்ட ரேட் இது என்று அதில் எழுத வேண்டும். இருபது ஏக்கருக்கு ஒரு குழிக்குக் குறைவாக இருந்தால் மொத்தத் தொகை சிவப்பில் வரும், பிரிண்ட் எடுக்க முடியாது.